நடுவில் விழுகிற பந்து

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தவரை எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை. சண்டை போட நேரம் எங்கே இருந்தது? வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். முதல் வாரம் விருந்தாளி. அடுத்து சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து என்று அலைச்சல். பிறகு கிளம்புகிற கவலை. முறுக்கு சுட்டு, எள்ளுருண்டை பிடித்து, அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியில் அடுக்கி, திண்டுக்கல் ஜங்ஷனில் ரயிலேற்றிவிட்டு வந்தால் மறுநாளிலிருந்து வீடு என்னுடையது. இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடிவிட்டது. போன வருஷம் ஹவில்தாராக ஓய்வு பெற்று, அதே பெட்டியோடு வந்து இறங்கினார். இந்தத் தடவை திரும்பிப் போகிற தேதி கிடையாது.

சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். லீவில் வரும்போது செய்கிற மாதிரியே தினமும் கறி எடுத்து, கோலா உருண்டை பொரித்து, பக்கத்தில் நின்று பரிமாறினேன். மூன்றாவது வாரம் அவரே, "இனிமே ரசம் வச்சாப் போதும், வயிறு தாங்கல" என்றார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது, இவர் இனி இங்கேதான் இருக்கப்போகிறார் என்று. அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க மனமே வரவில்லை. தையல் கடை, வீடு, பிளஸ் டூ படிக்கிற மகள் என்று மூன்றையும் இழுத்துக்கொண்டு ஏற்கெனவே களைத்திருந்தேன். நான்காவதாக இவரும் சேர்ந்துகொண்டார்.

விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவார். எழுந்து என்ன செய்வது? போர்வையைச் செங்கல் மாதிரி மூலை பிடித்து மடிப்பார். என் போர்வையையும் மடிப்பார், நான் அதற்குள் படுத்திருக்கும்போதே. பிறகு சுண்ணாம்பு வாளியை எடுத்தார். வாசலில் நின்ற வேப்ப மரத்துக்கு இடுப்பளவு வெள்ளை, அதற்குமேல் ஒரு சாண் காவிப் பட்டை. பட்டாள முகாம்களில் மரத்தையும் கல்லையும் அப்படித்தான் வைத்திருப்பார்களாம். அடுத்து எலுமிச்சை, அடுத்து தென்னை, அடுத்து சாக்கடை ஓரத்துக் கற்கள். ஒருநாள் கடையிலிருந்து வந்து பார்த்தால் என் துணி துவைக்கிற கல் வெள்ளையும் காவியுமாக நிற்கிறது.

"இதுல தொவைச்சா உங்க சட்டைக்கும் சேத்து வெள்ளையடிச்ச மாதிரி ஆயிரும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "காஞ்சா ஒட்டாது" என்றார்.

மகள் கதை அதைவிட மோசம். அவர் அசாமில் இருந்தபோது அப்பாவும் மகளும் வீடியோ காலில் அப்படிச் சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்து வம்பு அத்தனையும் அவருக்குத்தான் முதலில் தெரியும். நேரில் வந்து உட்கார்ந்ததும் இரண்டு பேருக்கும் வாய் கட்டிப்போனது. அவர் கேட்பதெல்லாம் எங்கே போகிறாய், எப்போது வருவாய், கூட யார் என்பதுதான். வாசல் காவலில் நின்று கேட்கிற கேள்வி. அவள் பதில் சொல்லிவிட்டு என்னிடம் வந்து ஒட்டிக்கொள்வாள். ஒருநாள் முன்னறையில் அவர் போனைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு ஆச்சரியம். எட்டிப் பார்த்தால், அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் அவருக்கு ஏதோ படம் அனுப்பியிருக்கிறாள். நடுவில் ஒரு சுவர். போனில் பேசினால்தான் இவர்களுக்குள் பேச்சு வருகிறது. எனக்கு அழுகையாக வந்தது, கோபமும் வந்தது. வெங்காயத்தின்மேல் பழி போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஒரு நகைக்கடையில் காவலுக்குப் போனார். வருகிறவர்களுக்குக் கார் கதவைத் திறந்து சல்யூட் அடிக்கச் சொன்னார்களாம். கதவைத் திறப்பேன், சல்யூட் மட்டும் முடியாது என்று வந்துவிட்டார். சரியாகத்தான் செய்தார்.

அப்புறம்தான் மோட்டார் விவகாரம். ஒரு காலையில் தண்ணீர் மோட்டார் நின்றுபோனது. அவர் ஸ்பேனரைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் நான் வழக்கமாக வருகிற எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட, அவர் வந்து மோட்டார் மூடியைக் கழற்றிவிட்டார். இவர் ஸ்பேனரோடு பக்கத்தில் நின்றார். எலக்ட்ரீஷியன் என்னைப் பார்த்து, "சார் யாருக்கா, ஊர்லருந்து வந்திருக்காகளா?" என்றார். பத்து வருஷமாக எங்கள் வீட்டுக்கு வருகிறவர். அவர் மேல் தப்பில்லை. இவர் ஸ்பேனரைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க எதுக்கு மெனக்கெடணும், நான் பாத்துக்கிறேன்" என்றேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். இருபது வருஷமாக நான் அதிகம் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். போனில் அவர் எதைக் கேட்டாலும், மகளுக்குக் காய்ச்சல் என்றாலும், மழைக்கு ஓடு சரிந்தது என்றாலும், நான் பாத்துக்கிறேன், நீங்க கவலைப்படாம இருங்க. அப்படிச் சொல்லாமல் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? இதை என் தப்பென்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

அந்த வாரம்தான் அவர் சொன்னார். ஓய்வு பெற்றவர்களை மறுபடியும் சேர்த்துக்கொள்கிற காவல் படை ஒன்று இருக்கிறதாம். ஆயுதக் கிடங்கு, விமானத் தளம் மாதிரி இடங்களில் காவல். எங்கே போடுவார்கள் என்று தெரியாது. சேர்ந்தால் இன்னும் பத்து வருஷம், பழையபடி வருஷத்துக்கு ஒரு லீவு. மாசி கடைசியில் பெங்களூரில் ஆள் எடுக்கிறார்கள், கூட இருந்த ஒருவர் போன் பண்ணினார், போகிறேன் என்றார்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. போகட்டும், வீடு பழையபடி ஆகட்டும், என் துவைக்கிற கல்லாவது தப்பிக்கட்டும். அடுத்த நிமிஷமே கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து வருஷத்தில் மகள் படித்து முடித்து, கல்யாணமாகிப் போயிருப்பாள். இப்போது பேசாதவர்கள் அப்புறம் எப்போது பேசப்போகிறார்கள்? போ என்று சொல்லவும் வாய் வரவில்லை, இரு என்று சொல்லவும் வரவில்லை. "உங்க இஷ்டம்" என்றேன்.

என் கடை தாடிக்கொம்பு ரோட்டில் இருக்கிறது. ரவிக்கை தைப்பது, சின்னாளபட்டியிலிருந்து வருகிற சுங்குடிச் சேலைகளுக்கு ஓரம் அடிப்பது, இதுதான் வேலை. எதிரே ஒரு பொட்டல். விடிந்ததும் சிலர் அங்கே வாலிபால் ஆடுவார்கள். வருஷக் கணக்காக அதைப் பார்த்துக்கொண்டே மிஷின் மிதித்திருக்கிறேன், ஆடுகிறவர்கள் யாரென்று யோசித்ததே இல்லை. அவர் அப்படிச் சொன்ன மறுநாள் கடையைத் திறந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தால், அந்தப் பொட்டலைச் சுற்றிப் பதித்திருக்கிற கற்கள் எல்லாம் வெள்ளையும் காவியுமாக நிற்கின்றன. தினமும் பார்த்த கற்கள்தான். நகராட்சிக்காரர்கள் அடித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடையை அப்படியே போட்டுவிட்டு ரோட்டைக் கடந்து போனேன். அங்கே நெட் கட்டிக்கொண்டிருந்தவரை எனக்குத் தெரியும். பக்கத்திலேயே பஞ்சர் கடை வைத்திருக்கிறவர். நாயக் அண்ணன் என்று எல்லாரும் கூப்பிடுவார்கள். அது பட்டாளத்தில் ஒரு பதவி என்பதுகூட அன்றைக்குத்தான் எனக்கு மண்டையில் ஏறியது.

"அண்ணே, இந்தக் கல்லுக்கெல்லாம் யாரு காவி அடிச்சது?"

"நாங்கதான் தங்கச்சி. ஏன், நல்லால்லையா?"

"எங்க வீட்டுல ஒருத்தரு தொவைக்கிற கல்லுக்கு அடிச்சு வச்சிருக்காரு."

அவர் நெட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எப்ப வந்தாரு?" என்று கேட்டார். சொன்னேன். மறுபடி போகப்போகிறார் என்பதையும் சொன்னேன்.

"பட்டாளத்துல இருந்து நேரா வீட்டுக்குள்ள போயிரக் கூடாது தங்கச்சி. போனா ரெண்டு பக்கமும் மூச்சு முட்டும். நடுவுல செத்த நேரம் நிக்கிறதுக்கு ஒரு எடம் வேணும். நான் வந்த புதுசுல பஸ் ஸ்டாண்டுல போய் உக்காந்திருப்பேன். காலைல இருந்து மத்தியானம் வரைக்கும். எந்த பஸ்சுலயும் ஏற மாட்டேன். எம் பொண்டாட்டி நான் வேலைக்குப் போறேன்னு நெனச்சுக்கிட்டிருந்தா. அனுப்பி விடு அவர."

அனுப்புவது அவ்வளவு சுலபமாக இல்லை. விளையாடுகிற வயசா என்றார், முழங்கால் என்றார். கடைசியில் ஒரு வேலை செய்தேன். அவர்களுடைய நெட்டின் மேல்பட்டை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதை வாங்கிவந்து கேன்வாஸ் துணி வைத்துத் தைத்தேன். மறுநாள் விடியக்காலை, "இந்த நெட்ட அங்க ஒப்படைச்சிட்டு வாங்க" என்று கையில் கொடுத்தேன். வேலை என்று ஒன்றைக் கொடுத்தால் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியாது, அது எனக்குத் தெரியும். நெட்டைக் கொடுக்கப் போனவர் வெயில் ஏறியபிறகு வந்தார். சட்டையெல்லாம் செம்மண். "ஒரு ஆள் கொறஞ்சுச்சு" என்றார்.

அன்றிலிருந்து தினமும் போனார். எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள்தான். ஒருவர் பேங்க் காவல், ஒருவர் லாரி ஷெட்டில் கணக்கு, ரெட்டியார்சத்திரத்துப் பக்கத்திலிருந்து ஒருவர் பூத்தோட்டத்தை விட்டுவிட்டு வருவார். இருக்கிறவர்களில் மூத்தவர் ஒரு சுபேதார். அறுபதைத் தாண்டியவர், வெள்ளை மீசை, மெதுவாகத்தான் ஓட முடியும். சுபேதாரை 'சாப்' என்றுதான் கூப்பிட வேண்டுமாம். அவர் மைதானத்துக்குள் வந்ததும் உட்கார்ந்திருக்கிறவன் எழுந்துவிடுவான். பென்ஷன் ஆபீசில் யாரைப் பார்க்க வேண்டும், ஆஸ்பத்திரி கார்டுக்கு எங்கே போக வேண்டும் என்று எல்லாருக்கும் அவர்தான் சொல்வார். இரண்டு நாள் சேர்ந்தாற்போல யாராவது வராவிட்டால் மொத்தப் பேரும் அவன் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். பூத்தோட்டத்துக்காரர் ஒருமுறை வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று நின்றுவிட, இவர்கள் எல்லாருமாகப் போய் மல்லிகைப் பூப் பறித்துக் கொடுத்துவிட்டு வந்தார்கள். என் வீட்டுக்காரர் விரலெல்லாம் பூ வாசனையோடு வந்து சாப்பிட உட்கார்ந்தார். அன்றைக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்னவென்று அவரே கேட்டார். அதற்கே எனக்குப் பாதிக் களைப்பு போனது.

ஆனாலும் பெங்களூர்ப் பேச்சு நிற்கவில்லை. மைதானம் காலையில் கொஞ்ச நேரம். மீதிப் பொழுது வீடு. வீட்டுக்குள் வந்ததும் பழையபடி கட்டில், பழையபடி சுவர்.

அவர்கள் ஆட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு முடித்து வருகிற பையன்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுவார்கள், ஒவ்வொரு தடவையும் தோற்பார்கள். வயசு காரணம் என்று நினைத்தேன். மிஷினில் உட்கார்ந்து பார்க்கப் பார்க்க எனக்கே விஷயம் பிடிபட்டது. மில் பையன்கள் பந்து வந்தால், "நான்! நான்!" என்று கத்திக்கொண்டு ஒருத்தன் பாய்வான், மற்றவன் ஒதுங்குவான். இவர்கள் பக்கம் அந்தச் சத்தமே கிடையாது. பந்து சுபேதாருக்கும் இன்னொருத்தருக்கும் நடுவில் வந்தால் இன்னொருத்தர் கையைக் கீழே போட்டுவிடுவார். சுபேதார் இரண்டு எட்டு வைப்பதற்குள் பந்து மண்ணில் விழுந்து உருண்டுவிடும். பிறகு எல்லாருமாகச் சேர்ந்து, "பரவால்ல சாப்" என்பார்கள். மில் பையன்கள் இதைக் கண்டுபிடித்து அங்கேயே போட்டார்கள். அவர்களுக்கு அடிக்கக்கூட வேண்டியதில்லை, தட்டிவிட்டால் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது கேட்டேன். "நடுவுல வர்ற பந்த ஏன் யாருமே எடுக்க மாட்டேங்குறீங்க?"

"அது சாப் பந்து."

"அவரு அங்க இல்லையே."

"வருவாரு."

"வரலையே."

"வரணும்ல" என்றார். எரிச்சல் வந்துவிட்டது அவருக்கு. "சீனியர் நிக்கும்போது தள்ளிட்டு முன்னாடி போக முடியுமா? உனக்கு இதெல்லாம் புரியாது."

நாயக் அண்ணனிடமும் கேட்டேன். "தெரியும் தங்கச்சி" என்றார். "நானே விட்டுருவேன். எடுக்கணும்னுதான் நெனப்பேன், கை வராது. பதினெட்டு வயசுல இருந்து பழகுன கை. சாப்கிட்டயும் சொல்லிப் பாத்தாச்சு. எடுங்கடான்னுதான் அவரும் சொல்றாரு. அவரு சொன்னா அதுக்கும் ஒரு சல்யூட் அடிச்சிட்டு, மறுபடி விட்டுருவோம்."

மாசித் திருவிழாவுக்கு ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாலிபால் போட்டி வைத்திருந்தார்கள். இவர்களும் பேர் கொடுத்தார்கள். சட்டை நான்தான் தைத்தேன். முதுகில் நம்பர் போடுவதற்கு ஒரு பெரிய பஞ்சாயத்து. பதவி வரிசைப்படி ஒன்று, இரண்டு என்று போடச் சொன்னார்கள். ஒரே பதவியில் இரண்டு பேர் இருந்தால் யார் முதலில் சேர்ந்தது என்று கடை வாசலில் நின்று வாதம் பண்ணினார்கள். எனக்கு அன்றைக்குத் தலைவலி. மார்பளவுப்படி, கையில் கிடைத்த வரிசையில் நம்பரை ஒட்டி அடித்துவிட்டேன். சுபேதாருக்கு ஏழு, என் வீட்டுக்காரருக்கு ஒன்று. என் வீட்டுக்காரர் அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டு திகைத்துப்போய் நின்றார். "மாத்தித் தைக்க நேரமில்ல" என்றேன். நேரம் இருந்தது.

போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் பெங்களூர் ரயில், மறுநாள் காலையில் ஆள் எடுக்கிறார்கள். சனிக்கிழமையே பெட்டியை எடுத்துத் துடைத்து அடுக்கிவிட்டார். மேலே வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்த அவருடைய பழைய பட்டாள நம்பர் மங்கியிருந்தது, அதன்மேல் மறுபடி எழுதினார். மகள் அதைப் பார்த்தாள். என்னிடம் வந்து, "முறுக்கு சுடலையாம்மா?" என்று மட்டும் கேட்டாள். முறுக்கு சுட எனக்கு உடம்பில் தெம்பில்லை. கடையில் வாங்கி வைத்தேன்.

போட்டிக்கு நானும் போனேன். தைத்த சட்டை எப்படி இருக்கிறது என்று பார்க்க என்று சொல்லிக்கொண்டேன். தென்னந்தோப்பை ஒட்டி மைதானம், ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு, நல்ல கூட்டம். முதல் ஆட்டம் தட்டுத்தடுமாறி ஜெயித்தார்கள், எதிராளிகள் இவர்களைவிட வயசானவர்கள். இரண்டாவது ஆட்டத்தில் நம் மில் பையன்களே வந்து நின்றார்கள். வழக்கம்போல நடுவில் போட ஆரம்பித்தார்கள். விழுந்தது. பரவால்ல சாப். மறுபடி விழுந்தது. பரவால்ல சாப். கூட்டத்தில் ஒருத்தர், "ஏலே, அந்தப் பந்துல என்ன கரண்டா இருக்கு?" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போனது. ஒவ்வொரு பந்தும் நடுவில் விழும்போது என் வீட்டுக்காரரின் கை கொஞ்சம் எழும்பி, பிறகு இறங்கியதைப் பார்த்தேன். ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு மோட்டார் பக்கத்தில் நின்ற அதே கை. அது ஏன் அப்போது ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை. வந்தபிறகு என்னால் ஆட்டத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லை.

ஆட்டம் முடிகிற நேரத்தில் ஒரு பந்து உயரமாக எழும்பி, சுபேதாருக்கும் இவருக்கும் நடுவில் இறங்கியது. சுபேதார் ஒரு எட்டு வைத்தார். அப்போது, "நான்!" என்று ஒரு சத்தம். அவ்வளவு பெரிய சத்தத்தை என் வீட்டுக்காரரிடமிருந்து நான் கேட்டதில்லை. கத்திக்கொண்டே பாய்ந்தார். பந்தை எடுத்துவிட்டார், அது நெட்டைத் தாண்டி அந்தப் பக்கம் யாருமில்லாத இடத்தில் விழுந்தது. ஆனால் பாய்ந்த வேகத்தில் சுபேதாரை இடித்துத் தள்ளிவிட்டார். பெரியவர் மண்ணில் உட்கார்ந்திருந்தார்.

என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? அந்த மண்ணில், ரத்தம் வடிகிற முழங்காலோடு, அட்டென்ஷனில் நின்றார்.

சுபேதார் அண்ணாந்து பார்த்தார். "ஏலே, பந்து என்னாச்சு?"

"அந்தப் பக்கம் போயிருச்சு சாப்."

"பாயிண்டா?"

"பாயிண்டு சாப்."

"அப்புறம் எதுக்குய்யா வெறப்பா நிக்குற? கையக் குடு, தூக்கிவிடு. அடுத்த பந்தப் பாரு."

அதற்கப்புறம் எல்லாரும் கத்த ஆரம்பித்தார்கள். நாயக் அண்ணன் அவருக்கு வராத பந்துக்குக்கூட, "நான்! நான்!" என்று கத்தினார். இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். ஜெயித்தார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். தோற்றார்கள், ஆனால் இந்தத் தடவை மில் பையன்கள் வியர்த்துப்போய் நின்றார்கள்.

வீட்டுக்கு வரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. அவருக்கு முழங்கால் வீங்கியிருந்தது. குளித்துவிட்டு, மஞ்சள் பற்றுப் போட்டு, பேண்ட் மாட்டிக்கொண்டு தயாரானார். பெட்டியை வாசல்படிப் பக்கம் கொண்டுவந்து வைத்தார். ஆட்டோவுக்குச் சொல்லியிருந்தது. மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் கிளம்பிவிடுவார், அதுதான் நல்லது என்று இரண்டு பேருமே நினைத்தோம், சொல்லிக்கொள்ளவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் கட்டிலில். இருபது வருஷமாக எத்தனையோ தடவை இப்படி உட்கார்ந்திருக்கிறோம். போகாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் இருந்துவிடுவார், இருந்து மறுபடி கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பார். நான் சொல்லி அவர் இருந்தால் அதையும் நான்தான் சுமக்க வேண்டும். அந்தச் சுமையைத் தூக்க என்னிடம் தெம்பில்லை.

எங்களுக்கு நடுவில் மேஜைமேல் என் போன் இருந்தது. அது அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, சைக்கிள் பஞ்சர். நாயக் மாமா கடையும் பூட்டிக் கெடக்கு. இருட்டப் போகுது, இங்க யாருமே இல்ல. நீ வாம்மா."

அவள் நின்ற இடம் தாடிக்கொம்பு ரோட்டில் வடக்கே. ஜங்ஷன் நேர் எதிர்த்திசை. நான் வழக்கப்படி ஸ்கூட்டர் சாவியை எடுக்க எழுந்தேன். "நீங்க கெளம்புங்க, ஆட்டோ வந்துரும். நான் பாத்து..."

"நான்!"

மைதானத்தில் கேட்ட அதே சத்தம். வீட்டுக்குள் கேட்டதால் இன்னும் பெரியதாக இருந்தது. நான் சாவிப் பக்கம் நீட்டிய கையோடு பாதி எழுந்து நின்றேன். அவர் நொண்டிக்கொண்டு வந்து சாவியை எடுத்தார். போனை வாய்ப் பக்கம் பிடித்து, "பாப்பா, அந்தக் கடை வாசல்லயே நில்லு. அப்பா வாரேன்" என்றார்.

"சீக்கிரம் வாங்கப்பா" என்றாள்.

ரயில் போய்விடும் என்று அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். முழங்கால் வீங்கியிருக்கிறதே, சைக்கிளை எப்படிக் கொண்டுவருவார், ஸ்கூட்டர் பிரேக் இழுக்கும் என்று சொல்ல வேண்டும், ஆட்டோக்காரருக்கு யார் சொல்வது, என்று எனக்கு வரிசையாக வந்தது. பழக்கம். வாசல்வரை போகக்கூடக் கால் எடுத்துவிட்டேன்.

பிறகு உட்கார்ந்தேன். ஸ்கூட்டர் உறுமிக்கொண்டு வடக்கே போகிற சத்தம் கேட்டது. நாற்காலியை வாசல்படிப் பக்கம் இழுத்துப் போட்டு, காலைத் தூக்கி அந்தப் பெட்டியின்மேல் வைத்துக்கொண்டேன்.